‘மீட்டரே வேண்டாம்’ சோலாரில் ஏர்கோனும் குளத்துப் பம்பும்

பினாங்கில் வீட்டோடு நீச்சல் குளம் வைத்திருப்பவர்களுக்கும், ஏர்கோனை நேராகச் சோலாரில் ஓட்டிவிட்டால் பில் பாதியாகிவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். 2023இல் நான் இதில் இறங்கினபோது தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருத்தரும் இல்லை. கணவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார், அவரோடு பேச முடிந்தது ஃபோனில்தான். கொந்திராக்டரிடம் பேசியது, சண்டை போட்டது, காசு கட்டியது எல்லாம் நான் ஒருத்திதான். மொத்தம் எவ்வளவு போனது என்பதைப் பின்னால் சொல்கிறேன், அதற்கு முன்னால் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு தெலுக் கும்பாரில், கடலுக்குப் பக்கம். மாமனார் ஆசைப்பட்டுக் கட்டிய கார்னர் லாட் வீடு, பின்னால் எட்டு மீட்டருக்கு நாலு மீட்டரில் ஒரு குளம். கீழே மாமியாரும் நானும் இருக்கிறோம், மேல்மாடி அறைகளை ஹோம்ஸ்டேக்கு விடுகிறோம். பள்ளி விடுமுறையிலும், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வருகிற குடும்பங்களாலும் வீடு நிறைந்துவிடும். குளத்தில் ஏறக்குறைய 40,000 லிட்டர் தண்ணீர். அதைச் சுற்றவிட ஒரு குதிரைசக்தி பம்ப், தினமும் எட்டு மணி நேரம். அந்த அளவுப் பம்ப் 1.1 கிலோவாட் வாக்கில் இழுக்கும், நாளுக்கு ஒன்பது யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் தருகிற டிஎன்பியின் அப்போதைய கட்டணத்தில் 900 யூனிட்டைத் தாண்டிய ஒவ்வொரு யூனிட்டுக்கும் 57.1 சென். ஆக, பம்புக்கு மட்டும் மாதம் 150 வெள்ளி. நாலு ஏர்கோனும் சேர்ந்தால் பில் எழுநூறுக்குக் கீழே இறங்கியதே இல்லை.

சோலார் விற்க வந்த பையன் நன்றாகப் பேசினான். “அக்கா, டிஎன்பிக்கு ஒரு ஃபாரமும் அனுப்ப வேண்டாம், மீட்டர் மாற்ற வேண்டாம், மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். வெயில் பேனலில் விழும், பேனலிலிருந்து நேரா ஏர்கோனுக்குப் போகும், அவ்வளவுதான்” என்றான். இன்னொரு வீட்டில் எடுத்த வீடியோவையும் காட்டினான். ஏர்கோன் ஓடுகிறது, டிஎன்பி வயரில் மாட்டிய கிளாம்ப் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டுகிறது. வீடியோ எடுத்த நேரம் நடுப்பகல். பேக்கேஜில் 1.5 குதிரைசக்தி ஹைப்ரிட் ஏர்கோன் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 450 வாட் பேனல் நாலு, குளத்துப் பம்புக்குத் தனியாக ஆறு பேனலும், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற ஓர் இன்வர்ட்டரும். விலை 26,500 வெள்ளி, பாதி முன்பணம். வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. அதில் எனக்கு சந்தோஷம்தான்.

ஹைப்ரிட் ஏர்கோன் என்பது ஏமாற்று வேலை இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இன்வர்ட்டர் ஏர்கோன் எதுவானாலும் சுவரிலிருந்து வருகிற கரண்டை முதலில் டிசியாக (ஒரே திசையில் ஓடும் கரண்டாக), 310 வோல்ட் வாக்கில், மாற்றிக்கொண்டுதான் கம்ப்ரஸரை ஓட்டும். பேனலில் வருவதும் டிசி. அதை அந்த இடத்திலேயே உள்ளே விட்டு, பற்றாக்குறையை மட்டும் டிஎன்பியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வெயில் நேரத்தில் ஓட்டினால் உண்மையாகவே மீட்டர் நகராது. ஆனால் என் வீட்டில் வெயில் நேரத்தில் மேல் அறைகளில் யார் இருக்கிறார்கள்? ஹோம்ஸ்டேக்கு வருகிறவர்கள் பத்து மணிக்குப் பசியாறிவிட்டு ஜார்ஜ்டவுனுக்கும் கொடிமலைக்கும் கிளம்பிவிடுவார்கள். திரும்புவது ஆறு, ஏழு மணிக்கு. ஏர்கோன் ஒன்பது மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஓடும். பேனலில் நாலரை மணிக்கு மேல் வருவது கொசுறு. முதல் மாத பில்லில் ஏர்கோன் பக்கம் மிச்சமானது பத்துப் பன்னிரண்டு வெள்ளி இருக்குமோ என்னவோ.

இதில் எனக்கு வயிறு எரிந்தது எங்கே என்றால், பகலில் அந்த எட்டு பேனலும் சும்மா காய்ந்துகொண்டிருந்ததில்தான். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு மூன்றரை, நாலு யூனிட் தரும். என் ஏர்கோன் பேனல்கள் 3.6 கிலோவாட், அதாவது 12, 13 யூனிட் தரக்கூடியவை. ஏர்கோன் ஓடாதபோது அந்தக் கரண்டுக்குப் போக வழியே இல்லை. பக்கத்து அறைக்கும் போகாது, ஃபிரிட்ஜுக்கும் போகாது, டிஎன்பி மீட்டருக்கும் போகாது. இழுக்க ஆள் இல்லாவிட்டால் பேனல் எதுவும் தராது. ‘நேரடி’ என்பதன் முழு விலை இதுதான்: வெயில் வரும் நேரமும் உங்களுக்குத் தேவைப்படும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். யாராவது எத்தனை வாட், எத்தனை குதிரைசக்தி என்று பேச ஆரம்பித்தால், ‘எத்தனை மணிக்கு’ என்று கேளுங்கள். அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு வாரம் காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் மீட்டரை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். பகல் எவ்வளவு, இரவு எவ்வளவு என்று தானாகத் தெரிந்துவிடும். நான் பின்னால் எடுத்துப் பார்த்தபோது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இரவில்தான் போயிருந்தது.

கரண்ட் போனபோது இன்னொரு கூத்து. “சோலார் வீடுன்னு போட்டிருந்தீங்களே” என்று ஹோம்ஸ்டேக்கு வந்த ஒருவர் கேட்டார். என்னுடைய ஹைப்ரிட் மாடல் டிஎன்பி கரண்ட் இல்லாவிட்டால் நின்றுவிடும். மீட்டரோடு இணைக்கிற சாதாரண கூரை சோலாரும் அப்படித்தான், லைனில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்று தானாக அணைந்துகொள்ளும். கரண்ட் போனாலும் ஓட வேண்டும் என்றால் பேட்டரி வேண்டும். அது வேறு விலை.

ஏர்கோனில் காசுதான் வீணானது. தலைவலி கொடுத்தது பம்ப். நேரம் என்று பார்த்தால் பம்புதான் சோலாருக்குப் பொருத்தமான சாமான். குளத்துத் தண்ணீர் பகலில் சுற்றினால் என்ன, இரவில் சுற்றினால் என்ன, ஒரு நாளைக்கு ஒரு சுற்று வந்தால் போதும். ஆனால் அந்தப் பையன் பழைய பம்பையே வைத்துக்கொண்டு, பேட்டரி இல்லாத ஓர் இன்வர்ட்டரை நடுவில் மாட்டிவிட்டுப் போனான். சாதாரண மோட்டார் ஓடும்போது ஐந்து ஆம்பியர் இழுத்தால், கிளம்பும்போது அதைப் போல ஐந்தாறு மடங்கு கேட்கும். காலையில் வெயில் ஏறும்வரை கிளம்பவே கிளம்பாது. ‘உம்ம்ம்’ என்று முனகும், இன்வர்ட்டர் சிவப்பு விளக்கைக் காட்டி அணையும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலும். மத்தியானம் மேகம் வந்தால் அதே கதை. பினாங்கில் மத்தியானம் மேகம் வராத நாள் எத்தனை? ஒவ்வொரு தடவையும் மோட்டார் முதலிலிருந்து கிளம்ப வேண்டும். முதலில் கபாசிட்டர் உப்பிப் போனது. அதை மாற்றினேன். அப்புறம் மோட்டாரின் கம்பிச் சுருளே எரிந்தது. 1,380 வெள்ளி.

அது எரிந்தது தைப்பூசத்துக்கு முந்தின வாரம். தண்ணீர் சுற்றாமல், குளோரின் பரவாமல், வெயிலில் நின்ற குளம் ஓரங்களில் வழுக்க ஆரம்பித்து, அப்புறம் முழுக்கப் பச்சையாகிவிட்டது. பிள்ளைகளோடு வருகிறவர்கள் குளத்துக்காகவே இந்த வீட்டை எடுக்கிறார்கள். இரண்டு குடும்பத்துக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், 1,900 வெள்ளி. பையனைக் கூப்பிட்டால், “மேகத்துக்கு நான் என்னக்கா செய்ய முடியும்?” என்றான். அன்றைக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. அதற்குப் பிறகு ஃபோனை எடுப்பதையும் விட்டுவிட்டான். பேனலுக்கு 25 வருட வாரண்டி என்று எழுதிக் கொடுத்த காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தக் காகிதத்தில் பேனல் தயாரித்த கம்பெனியின் பெயரோ, வரிசை எண்ணோ இல்லை. வாங்குகிறவர்கள் அந்த இரண்டையும் கட்டாயம் எழுதி வாங்குங்கள். ஹைப்ரிட் ஏர்கோனுக்கு உதிரி போர்டு பினாங்கில் எங்கே கிடைக்கும் என்பதையும் கேளுங்கள். எங்கள் வட்டாரத்து ஏர்கோன்காரர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, கேஸ் வேண்டுமானால் நிரப்புகிறேன், போர்டில் கை வைக்க மாட்டேன் என்று மூடிவிட்டார்.

அப்புறம் வேறு கடையில் டிசி பம்ப் வாங்கினேன், கட்டுப்படுத்தும் பெட்டியோடு 4,200 வெள்ளி. இது வேறு ஜாதி. வெயிலுக்குத் தகுந்தபடி வேகம் ஏறி இறங்கும், மேகம் வந்தால் மெதுவாகும், திடீரென்று நின்று கிளம்பாது. காலை ஒன்பதுக்கு மெல்லச் சுற்ற ஆரம்பித்து நாலரை வரை ஓடுகிறது. இதிலும் பார்க்க வேண்டியவை உண்டு. உப்பிலிருந்து குளோரின் எடுக்கிற கருவி வைத்திருந்தால், தண்ணீர் ஒரு அளவுக்கு வேகமாக ஓடினால்தான் அது வேலை செய்யும், காலையிலும் மழை நாளிலும் சும்மா இருக்கும். மணல் ஃபில்டரைப் பின்னோக்கிக் கழுவுவதற்கு முழு வேகம் வேண்டும், அதைப் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர், அக்டோபரில் இங்கே மழை பிடித்தால் நாள் கணக்கில் விடாது. அப்போது டிஎன்பி கரண்டிலும் ஓடுகிற இரட்டை இணைப்பு உள்ள பம்ப் இல்லாவிட்டால் குளம் மறுபடி பச்சையாகும். நானூறு ஐநூறு வெள்ளி கூடுதல்தான், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். இன்னொன்று, பேனல்களைக் கோர்க்கிற விதம். என் 450 வாட் பேனல் ஒன்று, சுமை இல்லாதபோது 49 வோல்ட் காட்டும். ஆறையும் வரிசையாகக் கோர்த்தால் 300 வோல்ட் பக்கம் போகும். புதுப் பெட்டி தாங்குவது 200தான். மூன்று மூன்றாகப் பிரித்துக் கோர்க்கச் சொன்னது அந்தக் கடைக்காரர். பழைய வயரிங்கை அப்படியே செருகியிருந்தால் 4,200 வெள்ளி அன்றைக்கே புகைந்திருக்கும்.

இதைப் படிக்கிறவர்களில் பலருக்குச் சோலாரே தேவைப்படாமலும் போகலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். வேகம் மாற்றக்கூடிய குளத்துப் பம்புகள் இப்போது நிறைய வந்துவிட்டன. பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் பாதியாகும், இழுக்கிற கரண்டோ கணக்குப்படி எட்டில் ஒரு பங்காகிவிடும். இரண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் மொத்தச் செலவு கால்வாசி. நடைமுறையில் அவ்வளவு இறங்காது, ஆனாலும் பாதிக்குக் கீழே வந்துவிடும். கூரையில் ஏறாமல், பேனல் வாங்காமல் கிடைக்கிற மிச்சம் இது. எனக்கு இது தெரிய வந்தபோது டிசி பம்ப் பொருத்தி முடித்தாயிற்று.

புதுப் பம்ப் ஓட ஆரம்பித்து எல்லாம் அடங்கியது என்று நினைத்தேன். ஒரு நாள் மூன்று மணி வாக்கில் மாமியார், “யார் வீட்டில் கருவாடு சுடுகிறார்கள்?” என்று கேட்டார். எனக்கும் வாடை வந்தது. தேடிப் போனால் பம்ப் அறைச் சுவரில் இருந்த சாம்பல் நிறப் பெட்டியிலிருந்து வருகிறது. பழைய பையன் மாட்டிய பிரேக்கர் பெட்டி. அடிப்பக்கம் பழுப்பாகி வீங்கியிருந்தது, உள்ளே ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். நிபோங் திபாலில் இருக்கிற ஒரு வயர்மேன் அண்ணனைத் தெரிந்தவர் மூலம் பிடித்தேன், மின்சாரத் துறை ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிந்தவர். “தொடாதீங்கம்மா, கிட்டப் போகாதீங்க, வர்றேன்” என்றார். வந்ததும் பெட்டியைப் பார்க்கவே இல்லை. முதலில் கூரையில் ஏறி பேனல்கள்மேல் கேன்வாஸைப் போட்டு மூடினார். வெயில் இருக்கிறவரை பேனலுக்கு ஆஃப் சுவிட்ச் கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டியைத் திறந்தால் பிரேக்கரின் கைப்பிடி ஒன்றுமே நடக்காததுபோல மேலேதான் நிற்கிறது. ஒரு முனையில் செம்பு உருகி உருண்டையாகி, பக்கத்துப் பிளாஸ்டிக் விரல் பட்டால் உதிர்ந்தது.

“இது ஏசி கரண்டுக்கான பிரேக்கர்மா, கடையில இருபது வெள்ளி” என்றார் அண்ணன். அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஏசி, அதாவது டிஎன்பி தருகிற கரண்ட், நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புகிறது. பிரேக்கர் பிரியும்போது நடுவில் பொறி பிடித்தாலும், அந்தப் பூஜ்யத்தில் அது செத்துவிடும். டிசிக்கு அந்த இடைவெளி கிடையாது, பொறி பிடித்தால் எரிந்துகொண்டே இருக்கும். அதனால் பேனல் பக்கத்தில் இருக்கிற பிரேக்கர், ஐசோலேட்டர், ஃபியூஸ் எல்லாவற்றிலும் டிசி என்றும், தாங்கும் வோல்ட் எவ்வளவு என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் ஏற்கெனவே பேனல் இருந்தால் இன்றைக்கே போய் மூடிக்கு வெளியிலிருந்து படித்துப் பாருங்கள், கை வைக்க வேண்டாம். பேனல் வயர்களின் இணைப்புகளையும் அவர் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். இரண்டு வேறு கம்பெனி இணைப்பிகளைச் சேர்த்து அமுக்கியிருந்த இடங்கள் சூடாகி நிறம் மாறியிருந்தன.

குளம் இருக்கிற வீட்டுக்கு இன்னொரு எச்சரிக்கையும் கொடுத்தார். கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கிற வீட்டு ஆர்சிசிபி, ஏசி கசிவைத்தான் நம்பிக்கையாகப் பிடிக்கும். டிசி கசிந்தால் சாதாரண வகைக்குத் தெரியாது, அதோடு ஏசி கசிவைப் பிடிக்கிற சக்தியும் மரத்துப்போகலாம். ஈரத்தோடு பிள்ளைகள் ஓடுகிற இடம். பேனல் சட்டத்துக்கும் பம்புக்கும் எர்த் சரியாக இருக்கிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள், வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். இடி அடிக்கிற ஊர் என்பதால் சர்ஜ் பாதுகாப்பும் வைத்தார். கடல் காற்றில் பழைய இரும்புத் தாங்கிகள் துருப்பிடித்து ஓட்டில் பழுப்பு வழிந்திருந்தது, அவற்றை அலுமினியத்துக்கு மாற்றி ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டார். எல்லாம் சேர்ந்து 2,600. அந்த மொத்தக் கதையிலும் நான் முணுமுணுக்காமல் கட்டிய காசு அது ஒன்றுதான்.

கூட்டினால் 36,580 வெள்ளி. ஆனால் கணக்கில் வராத இழப்புதான் பெரிது. அந்தப் பையன் “ஃபாரம் வேண்டாம்” என்று சொன்ன காலத்தில், கூரை சோலாரை மீட்டரோடு இணைக்கிற நெம் (NEM) திட்டம் திறந்திருந்தது. பகலில் கூரை தருகிற யூனிட்டை டிஎன்பிக்குக் கொடுத்து, இரவில் ஒன்றுக்கு ஒன்று கழித்துக்கொள்ளலாம், பத்து வருட ஒப்பந்தம். இரவில் ஏர்கோன் ஓடுகிற என் மாதிரி வீட்டுக்கென்றே செய்ததுபோல இருந்த திட்டம். அரசின் சோலார் திட்டங்களை நடத்துகிற சேடாவில் பதிந்த ஒரு கம்பெனியிடம் போனேன். சான்றிதழ் இல்லாத பழைய பேனல்களை மீட்டரில் சேர்க்க முடியாது, எல்லாம் புதிதாகத்தான் என்றார்கள். மறுபடி அவ்வளவு பணம் புரட்டுவதற்குள் 2025 ஜூன் 30இல் நெம் மூடிவிட்டது. அதற்குப் பதிலாக 2026 ஜனவரியிலிருந்து இருக்கிற சோலார் அதாப் திட்டத்தில் கணக்கு வேறு. நீங்கள் வாங்குகிற யூனிட்டுக்கு எரிசக்தி, கொள்ளளவு, கட்டமைப்பு என்ற மூன்று கட்டணமும் சேர்த்து 1,500 யூனிட் வரை 44.43 சென். திருப்பிக் கொடுக்கிற யூனிட்டுக்கு எரிசக்திக் கட்டணமான 27.03 சென் மட்டும், மிச்சமானதை அடுத்த மாதத்துக்கும் கொண்டுபோக முடியாது. அதனால் மீட்டரோடு சோலார் போடுகிறவர்களும் பம்ப், துணி துவைக்கிற இயந்திரம் இரண்டையும் பகலுக்குத் தள்ளுவதுதான் லாபம்.

ஹைப்ரிட் ஏர்கோன் இரண்டில் ஒன்றைக் கீழே மாமியார் அறைக்கு மாற்றினேன். அவர் பகலெல்லாம் அறையில்தான் இருப்பார், முட்டி வலி. பத்து மணிக்குப் போட்டால் நாலரை வரை 26 டிகிரியில் ஓடுகிறது, டிஎன்பியிலிருந்து அநேகமாக எதுவும் இழுப்பதில்லை. அதே சாமான்தான், அறை மட்டும்தான் மாறியது. பகலில் ஆள் இருக்கிற கடை, கிளினிக், டியூஷன் அறை வைத்திருப்பவர்கள் இதைத் தாராளமாக யோசிக்கலாம். படுக்கையறைக்கு வேண்டாம். டிசி பம்பும் இதுவும் சேர்ந்து இப்போது மாதம் 170, 180 வெள்ளி மிச்சமாகிறது.

இன்னொரு ஏர்கோன் மேலேயே டிஎன்பியில் ஓடுகிறது. அதன் நாலு பேனலையும் பாலிக் பூலாவில் டுரியான் தோட்டம் வைத்திருக்கிற ஒருவர் ஒன்று 120 வெள்ளிக்கு எடுத்துக்கொண்டார். ஓடையிலிருந்து மேட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதற்காம். தொட்டி நிறைந்தால் போதும், எந்த நேரத்தில் நிறைந்தால் அவருக்கு என்ன. பேனலை லாரியில் ஏற்றும்போது, மூலையில் கிடந்த பழைய பிரேக்கர் பெட்டிகளையும் கொடுங்கள் என்றார். அவற்றைக் கொடுக்கவில்லை, டிசி பிரேக்கர் விற்கிற கடையின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.